ஸ்டீயரிங் வாங்கியாச்சு, கார் ஏன் நேராகப் போக மாட்டேன் என்கிறது? ஜி29 வீலை அசெட்டோ கோர்ஸாவுக்குச் சரிசெய்யும் முறை

கார் பந்தய கேமுக்கான ஸ்டீயரிங் வீல். பெட்டியைப் பிரித்து, மேசையில் மாட்டி, கேமைத் திறந்தால் கார் பாய்ந்து ஓடும் என்று நினைத்தேன். மோன்சா பந்தயத் தடத்தின் நேர்ச்சாலையிலேயே கார் குடித்தவன் மாதிரி இடமும் வலமும் தள்ளாடியது. யூடியூபில் ஒருவர் சொன்ன எண்களைப் போட்டேன். கையை விட்டால் வீல் தானே கடகடவென்று ஆடியது. சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா, மிக்ஸி போட்டுட்டு மறந்துட்டியா?" என்று கேட்டார். யூடியூபில் ஒருவர் சொன்ன எண்களைப் போட்டேன். இன்னொருவர் சொன்னதை அதன் மேல் போட்டேன். மூன்று சனி, ஞாயிறு இப்படியே போயின.

பிறகுதான் புரிந்தது: எண்கள் மட்டும் தப்பில்லை, அவற்றைப் போட்ட வரிசையும் தப்பு. கீழே உள்ள படிகளில் இரண்டாவது சரியாக இல்லாமல் ஏழாவதைத் தொட்டால், ஏழாவது என்றைக்குமே சரியாக வராது. அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது லாஜிடெக் ஜி29, விண்டோஸ் கணினி, அசெட்டோ கோர்ஸா என்ற கார் பந்தய கேம். 2014-இல் வந்த பழைய கேம்தான். ஆனால் சாதாரணக் கணினியிலும் ஓடும், தள்ளுபடி நாட்களில் மலிவாகவும் கிடைக்கும், ஒவ்வோர் அமைப்பும் என்ன செய்கிறது என்று கையில் தெளிவாகத் தெரியும். அதனால் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதானது இல்லை என்பது என் கருத்து. ஜி920, ஜி923 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலான படிகள் அப்படியே பொருந்தும்.

நேரம்: வரிசைப்படி போனால் முதல் நாள் இரண்டு மணி நேரம், அடுத்த நாள் ஒரு மணி நேரம். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மரத்துப்போய், எது கனம் எது லேசு என்றே தெரியாமல் போகும்.

1. வாங்கும்போதே பார்த்துவிட வேண்டியவை

புதிதாக வாங்கினால் பில்லும், வீலின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும்தான் முக்கியம். மேசையில் மாட்டிய பிறகு அந்த எண்ணைப் படிக்கத் தலைகீழாகப் படுக்க வேண்டியிருக்கும். மாட்டும் முன்பே கைபேசியில் படம் எடுத்து, பில்லின் படத்தோடு உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்துவிடுங்கள். வாரண்டிக்கு இந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள்.

நான் வாங்கியது பழையது, 16,000 ரூபாய். விற்றவர் "ரெண்டு தடவைதான் சார் ஓட்டினேன்" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிரேக் பெடலில் காலை வைக்காமலே கேமில் பிரேக் பிடித்துப் பிடித்து விட்டது. பெடல் எவ்வளவு அழுந்தியது என்று அளக்க அதற்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்ததும் சரியானது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

ஆகவே பழையது வாங்கினால், விற்பவர் வீட்டிலேயே மின்சாரம் கொடுத்து, யூஎஸ்பியைக் கணினியில் செருகச் சொல்லுங்கள். வீல் தானாகவே இந்தக் கோடி வரை, அந்தக் கோடி வரை சுற்றி நடுவில் வந்து நிற்க வேண்டும். நடுவில் நிற்காமல் சாய்ந்து நின்றாலும், சுற்றும்போது ஒரே இடத்தில் 'டக்' என்று தட்டினாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். பவர் அடாப்டர் பெட்டியோடு வந்த அதே அடாப்டர்தானா என்றும் பாருங்கள்.

கியர் ஷிஃப்டரை இப்போது வாங்க வேண்டாம். வீலுக்குப் பின்னால் இருக்கும், கியர் மாற்றும் துடுப்புகள் முதல் மூன்று மாதத்துக்குத் தாராளமாகப் போதும்.

2. மேசை, நாற்காலி, பெடல்: மூன்றும் அசையக் கூடாது

சலிப்பூட்டும் படி, ஆனால் தாண்டக் கூடாதது. வீல் உங்களுக்குச் சொல்லும் சேதியெல்லாம் சின்னச் சின்ன அதிர்வுகள். மேசை ஆடினால் அந்தச் சேதி மேசையிலேயே கரைந்துவிடும்.

பிளாஸ்டிக் மடக்கு மேசை ஆகவே ஆகாது. பிளைவுட் மேசை பரவாயில்லை, ஆனால் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் மேல்தாள் உரிந்து வரும். என் மேசையில் அப்படித்தான் உள்ளங்கை அளவு பெயர்ந்தது. பழைய துண்டை நான்காக மடித்துக் கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள், துணி மெத்தென்று அமுங்கி அதிர்வைத் தின்றுவிடும். மிதிவண்டி டியூபிலிருந்து வெட்டிய மெல்லிய ரப்பர் துண்டு சரியாக இருக்கும். கிளாம்பைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் உடைவது கிளாம்ப்தான்.

அலுவலகத்தில் இருப்பது போன்ற, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பிரேக் மிதித்தால் கார் நிற்காது, நீங்கள் பின்னால் போவீர்கள். சாதாரண மர நாற்காலியே உத்தமம். சக்கர நாற்காலிதான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பழைய ஷூவுக்குள் இறக்கி வையுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

பெடல் பலகையின் அடியில் கார்ப்பெட்டுக்காக மடக்கி வைத்த முட்கள் உண்டு. நம் வீட்டு டைல்ஸ் தரையில் அவற்றால் பயனில்லை. பெடலைச் சுவரோடு சேர்த்து, இடைவெளியில் ஒரு மரக்கட்டையை அடைத்துவிட்டேன். அதன் பிறகு அது ஓரடி நகரவில்லை. வெறுங்காலில் ஓட்டுங்கள், சாக்ஸ் வழுக்கும்.

3. இணைக்கும் வரிசை

முதலில் வீலில் இருக்கும் மாற்றுப் பொத்தானைப் பாருங்கள். ஜி29-இல் பிஎஸ்3, பிஎஸ்4 என்று இரண்டு நிலைகள் உண்டு. கணினிக்கு பிஎஸ்3 பக்கம் வைப்பதுதான் வழக்கம்.

அப்புறம் பெடலின் கேபிள், அடுத்து மின்சாரம், கடைசியாக யூஎஸ்பி. யூஎஸ்பியைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். நாலைந்து சாதனம் தொங்கும் ஹப் வேண்டாம். செருகியதும் வீல் தானே சுற்றித் தன் நடுவைக் கண்டுபிடிக்கும். அந்தச் சில நொடி அதைத் தொடாதீர்கள். பிடித்து நிறுத்தினால் தப்பான நடுவை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு கார் எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும், நீங்கள் கேமைக் குறை சொல்வீர்கள்.

கேம்பேடு (கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர்) ஏதாவது செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். எது முதல் சாதனம் என்று கேமுக்குக் குழப்பம் வரும்.

4. ஜி ஹப்: மூன்று எண்கள், ஒரு பொறி

லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளை அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்குங்கள், இலவசம்தான். திறந்து வீலின் படத்தைச் சொடுக்கினால் அமைப்புகள் வரும்.

ஆபரேட்டிங் ரேஞ்ச்: 900 பாகை. கோடியிலிருந்து கோடி வரை இரண்டரைச் சுற்று. "பந்தயக் காருக்கு 360 போதும்" என்று சிலர் இங்கேயே குறைத்து வைக்கிறார்கள். குறைக்காதீர்கள். காருக்கு ஏற்றபடி மாற்றுவது கேமின் வேலை.

சென்சிட்டிவிட்டி: 50. இதுதான் நேர்கோடு. கூட்டினாலோ குறைத்தாலோ நடுவில் ஒரு வேகம், ஓரத்தில் ஒரு வேகம் என்று கோணல் வரும்.

சென்டரிங் ஸ்பிரிங்: அணைத்துவிடுங்கள். இது ஒரு போலி ஸ்பிரிங். கார் என்ன செய்தாலும் கவலைப்படாமல் வீலை நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். டயர் சொல்வதும் இது சொல்வதும் கலந்து கையில் குழம்பாக வந்து சேரும். அணைத்த பிறகு டெஸ்க்டாப்பில் வீலைத் தொட்டால் தளர்ந்துபோய் உயிரில்லாமல் இருக்கும். கெட்டுவிட்டது என்று பதறி மறுபடி போட்டுவிடாதீர்கள். காரில் ஏறினால்தான் அதற்கு உயிர் வரும்.

பெடல் சென்சிட்டிவிட்டி மூன்றும் 50-லேயே இருக்கட்டும். ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஒரே அச்சாக இணைக்கும் தேர்வு ஏதாவது கண்ணில் பட்டால் அது அணைந்திருக்க வேண்டும்.

பொறி இதுதான்: ஜி ஹப் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி புரொஃபைல், அதாவது அமைப்புகளின் தொகுப்பு, வைத்திருக்கும். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் டெஸ்க்டாப் புரொஃபைலில் மாற்றியிருக்கிறேன். கேம் திறந்ததும் அதற்கான புரொஃபைல் வந்து உட்கார்ந்து என் வேலையையெல்லாம் மூடிவிட்டது. மேலே எந்தப் பெயர் தெரிகிறது என்று பார்த்துவிட்டு எண்ணைத் தொடுங்கள். டெஸ்க்டாப், அசெட்டோ கோர்ஸா இரண்டிலும் அதே எண்களைப் போட்டுவிட்டால் நிம்மதி.

5. கேமைத் திறக்கும் முன் ஒரு சோதனை

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கிய கேமைத் திருப்பித் தர 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் ஓட்டிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். வீல் சரியில்லை என்று கேமைத் திறந்து வைத்துக்கொண்டே துழாவினால் அந்த இரண்டு மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும். அதனால் வெளியே செய்ய முடிந்ததை வெளியேயே முடியுங்கள்.

விண்டோஸ் தேடலில் 'ஜாய் டாட் சிபிஎல்' (joy.cpl) என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் கேம் கன்ட்ரோலர் பட்டியல் வரும். வீலைத் தேர்ந்தெடுத்து ப்ராபர்ட்டீஸ் போங்கள். பெடலை மெதுவாக, அங்குலம் அங்குலமாக அழுத்தி அதன் பட்டையைப் பாருங்கள். வழுவழுவென்று ஏற வேண்டும். துள்ளினால் முதல் படியில் சொன்ன தூசிதான். அங்கேயே 'கேலிப்ரேட்' என்று ஒரு பொத்தான் கண்ணை இழுக்கும். அதை அழுத்த வேண்டாம். இந்தப் பக்கம் பார்ப்பதற்கு மட்டும். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால் 'ரீசெட் டு டிஃபால்ட்' கொடுத்துவிடுங்கள்.

ஸ்டீமில் கேமின் ப்ராபர்ட்டீஸுக்குள் கன்ட்ரோலர் என்ற பகுதியில் ஸ்டீம் இன்புட்டை டிஸேபிள் செய்யுங்கள். இது நடுவில் புகுந்து வீலைக் கேம்பேடாகக் காட்டும் வேலையைச் சிலசமயம் செய்யும்.

6. கேமுக்குள்: 90 பாகை சோதனை

அசெட்டோ கோர்ஸாவோடு வரும் மெனுவிலேயே எல்லாம் செய்யலாம். ஆனால் ரசிகர்கள் உருவாக்கிய கன்டென்ட் மேனேஜர் என்ற மெனு இதைவிடப் பல மடங்கு வசதி. இலவசப் பதிப்பே போதும்.

கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் வீலைச் சொடுக்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அச்சு பதிவாகும். பெடல்களும் அப்படியே. பதிவதற்கு முன் மூன்று பெடலையும் ஒருமுறை தரைவரை மிதித்து விடுங்கள். கணினி திறந்ததிலிருந்து தொடாத பெடலைச் சில நேரம் பாதி அழுத்தியதாகவே கேம் நினைத்துக்கொண்டிருக்கும்.

ரொட்டேஷன் என்ற இடத்தில் 900 போடுங்கள். ஜி ஹப்பில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இங்கே விதி. ஸ்டீயரிங் காமா 1, ஸ்டீயரிங் ஃபில்டர் 0, ஸ்பீடு சென்சிட்டிவிட்டி 0. கடைசி இரண்டும் கேம்பேடுக்காரர்களுக்கு வைத்தவை. வேகம் கூடக் கூட ஸ்டீயரிங் மந்தமாவது போல் இருந்தால் காரணம் அங்கேதான்.

இப்போது அபார்த் 500 காரை எடுத்துக்கொண்டு பிட்டில் (தடத்தின் ஓரம் கார் நிறுத்தும் இடத்தில்) நில்லுங்கள். கேமராவை ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றுங்கள். உங்கள் வீலைக் கால்சுற்று, சரியாக 90 பாகை, இடப்பக்கம் திருப்புங்கள். திரையில் இருக்கும் வீலும் சரியாக 90 பாகை திரும்பியிருக்கிறதா? திரும்பியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. இல்லையென்றால் மேலே போகாதீர்கள், ஜி ஹப்பில் தப்பான புரொஃபைல் ஓடுகிறது.

அடுத்து டட்டூஸ் எஃப்ஏ01 என்ற ஃபார்முலா காரில் ஏறி இதையே செய்யுங்கள். அங்கும் 90-க்கு 90-தான் வரும். ஆனால் இன்னும் திருப்பினால் ஓரிடத்தில் திரை வீல் நின்றுவிடும், உங்கள் கை வீல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் காரின் ஸ்டீயரிங் அவ்வளவுதான் திரும்பும். பழுது ஒன்றும் இல்லை. இதற்காகத்தான் 360-ஆகக் குறைக்க வேண்டாம் என்றேன்.

7. கெயின்: சிவப்புப் பட்டையைப் பாருங்கள்

கெயின் என்பது கேம் வீலுக்கு அனுப்பும் மொத்த விசையின் அளவு. பெரும்பாலோர் கவிழும் இடம் இது. நானும் இங்கேதான் கவிழ்ந்தேன்.

ஜி29-இன் மோட்டார்கள் தரும் உச்ச முறுக்கு சுமார் 2.2 நியூட்டன் மீட்டர். தொடக்கநிலை டைரக்ட் டிரைவ் வீல்களே (மோட்டாரிலேயே நேராக ஸ்டீயரிங் மாட்டியவை) இதைவிடக் கணிசமாக அதிகம் தருகின்றன. நம் கையில் இருப்பது சின்ன ஸ்பீக்கர் மாதிரி. வால்யூமை முழுக்கத் திருப்பினால் கூடுவது சத்தம் இல்லை, கரகரப்புதான். கேம் 'இந்த வளைவில் இவ்வளவு விசை' என்று கணக்குப் போட்டு அனுப்புகிறது. அது மோட்டாரின் உச்சத்தைத் தாண்டினால் மேல்பகுதி வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள்.

வெட்டுப்பட்டால் என்ன நஷ்டம்? வளைவில் போகும்போது முன் டயர்கள் தரையைக் கவ்வி, வீலை நேராக்கப் பார்க்கும். அதுதான் கையில் கனமாகத் தெரிகிறது. டயர் தன் எல்லையை நெருங்கும்போது அந்தக் கனம் சற்றே இளகும். 'இனிமேல் திருப்பினால் வழுக்கிவிடுவேன்' என்று டயர் சொல்வது அந்த இளக்கத்தில்தான் இருக்கிறது. உச்சத்திலேயே வெட்டுப்பட்டுக் கிடக்கும் வீலில் இளக்கம் தெரியாது. ஒரே இரும்புக் கனம், பிறகு திடீரென்று கார் மணலில் நிற்கும்.

சோதிக்கும் முறை: கெயினை 70-இல் வையுங்கள். பந்தயத்தின்போது திரையின் வலது ஓரத்துக்கு மவுஸைக் கொண்டுபோனால் ஆப் பட்டியல் வரும். அதில் பெடல்ஸ் என்பதைத் திறங்கள். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டரோடு நான்காவதாக ஒரு பட்டை இருக்கும். அதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக், கேம் வீலுக்கு அனுப்பும் விசை. சாதாரணமாகச் சாம்பல் நிறம், வெட்டுப்பட்டால் சிவப்பு.

மோன்சாவுக்குப் போங்கள். சுற்றின் கடைசியில் பரபோலிகா என்ற நீண்ட வலது வளைவு வரும். ஓட்டமெடுக்கும் வேகத்தில் பல நொடிகள் விடாமல் திருப்பிப் பிடிக்க வேண்டிய இடம். கிளிப்பிங்கைப் பார்க்க இதைவிட நல்ல வளைவு எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே பட்டை உயரமாக இருக்கலாம், ஆனால் சிவப்பாகவே நிற்கக் கூடாது. நின்றால் கெயினை ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். கெர்ப் (தடத்தின் ஓரக்கல்) மேல் ஏறும்போது ஒரு கணம் சிவப்பு மின்னி மறைந்தால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

காருக்குக் கார் கனம் மாறும். அபார்த் பூப்போல் இருக்கும், டட்டூஸ் முரட்டுத்தனமாக இழுக்கும். அதற்காகக் கெயினை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. ஓட்டிக்கொண்டே நம்பர் பேடில் கூட்டல், கழித்தல் விசைகளை அழுத்தினால் அந்தக் காருக்கு மட்டும் விசை கூடும், குறையும். அடுத்த முறை அதே காரில் ஏறும்போதும் அது நினைவில் இருக்கும்.

என் கெயின் 68-இல் நின்றது. அது என் வீல், என் கை. உங்களுக்கு 60 வரலாம், 80 வரலாம்.

8. மினிமம் ஃபோர்ஸ்: மிக்ஸிச் சத்தம் வந்த இடம்

ஜி29-க்குள் பல்சக்கரங்கள் இருக்கின்றன. மிகச் சின்ன விசை வந்தால் அது பல்சக்கரத்தின் உராய்வைத் தாண்டாமலே செத்துவிடும். அதனால் நேராகப் போகும்போது வீலின் நடுவில் ஒரு சூனியம் இருப்பது போல் தோன்றும். கார் மெல்ல விலகும், உங்களுக்குத் தெரியாது. தெரிந்ததும் அதிகமாகத் திருத்துவீர்கள். அது மறுபக்கம் போகும். முதல் நாள் என் கார் குடித்தவன் மாதிரி போனதற்கு இதுதான் காரணம்.

மினிமம் ஃபோர்ஸ் என்பது எந்தச் சின்ன விசைக்கும் ஒரு தள்ளு கொடுத்து அனுப்புவது. 0-இல் தொடங்குங்கள். நேர்ச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே வீலை விரல் அகலம் இப்படியும் அப்படியும் அசையுங்கள். நடுவில் ஒன்றும் தட்டுப்படாவிட்டால் இரண்டு கூட்டுங்கள். மறுபடி ஓட்டுங்கள். ஓரிடத்தில் சூனியம் மறைந்து நடு கையில் தட்டுப்படும். இன்னும் கூட்டினால் கையை எடுத்த உடனே வீல் தானாக நடுங்கத் தொடங்கும். கடகடவென்று பல்சக்கரச் சத்தம் வரும். அதுதான் எல்லை. அங்கிருந்து இரண்டு குறைத்தால் முடிந்தது. எனக்கு 9.

நான் யூடியூபில் பார்த்துப் போட்டது 20. அது வேறொரு பழைய வீலுக்கான எண் என்று பிறகு தெரிந்தது.

கெயினை முடித்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். பிறகு கெயினைப் பெரிதாக மாற்றினால் இதையும் திரும்பச் சோதியுங்கள்.

9. எஃபெக்ட்ஸ்: உப்பு போல

கெர்ப், ரோடு, ஸ்லிப் (டயர் வழுக்கல்), ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) என்று நான்கு அதிர்வுகள் பட்டியலில் இருக்கும். இவை காரின் இயற்பியலிலிருந்து வருபவை இல்லை, மேலே தூவியவை. கெர்ப் மேல் சக்கரம் ஏறினால் அதன் மோதல் எப்படியும் ஸ்டீயரிங் வழியாக வந்துவிடும். ரோடும் கெர்ப்பும் 15 முதல் 20 வரை வைக்கலாம், ஸ்லிப் 0. 'என்ஹான்ஸ்ட் அண்டர்ஸ்டியர்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்து வையுங்கள். ஃபில்டரும் 0. இரவில் ஓட்டுபவர்கள் கெர்ப்பை இன்னும் குறைப்பது நல்லது. கீழ்வீட்டுக் கூரைதான் உங்கள் தரை.

10. பிரேக்

ஜி29-இன் பிரேக் பெடலுக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. நிஜக் காரைப் போல் கடைசியில் கடினமாக இருக்க வேண்டும் என்று வைத்தது. புதிதாக ஓட்டுபவருக்கு 'பெடல் பாதியிலேயே சிக்கிக்கொண்டது' என்று தோன்றும். சிக்கவில்லை, இன்னும் பலமாக மிதிக்க வேண்டும். கட்டையைக் கழற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு மாதமாவது அதோடு ஓட்டிப் பாருங்கள் என்பேன். கால் தூரத்தை நினைவு வைப்பதில்லை, அழுத்தத்தைத்தான் நினைவு வைக்கிறது.

கேமில் பிரேக் காமா 2.4 என்று இருக்கும். இந்த எண் கூடினால் பெடலின் முதல் பாதி மென்மையாகவும் கடைசிப் பகுதி கூர்மையாகவும் மாறும். நேர்ச்சாலையில், ஏபிஎஸ் அணைத்த காரில், மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். டயர் பூட்டிக்கொண்டு புகை வரும் இடம் உங்கள் முழு பலத்தின் ஐந்தில் நான்கு பங்கு வாக்கில் வந்தால் சரி. பாதியிலேயே வந்தால் காமாவைச் சற்றுக் கூட்டுங்கள். முழுக்க மிதித்தும் வரவில்லை என்றால் குறையுங்கள்.

11. லட் கோப்பு (அவசரம் இல்லை)

இரண்டு வாரம் ஓட்டிய பிறகு, நடுப்பகுதி இன்னும் துல்லியமாக வேண்டும் என்று தோன்றினால் மட்டும் இதற்கு வாருங்கள். வீல்செக் என்ற சின்ன மென்பொருள் உங்கள் வீலுக்குப் படிப்படியாக விசை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் அது எவ்வளவு நகர்கிறது என்று அளந்து எழுதும். அந்த அளவைத் தாளை லட் ஜெனரேட்டர் என்ற இன்னொரு கருவியில் போட்டால், உங்கள் வீலின் கோணலை நேராக்கும் ஒரு கோப்பு கிடைக்கும், அதுதான் லட். அதைக் கன்டென்ட் மேனேஜரின் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பக்கத்தில் சேர்க்க வேண்டும். சோதனை ஓடும் சில நிமிடங்கள் வீலைத் தொடாதீர்கள். மேசையில் காபி டம்ளரும் வைக்காதீர்கள், என் விசைப்பலகை அப்படித்தான் போனது. புதிதாக வாங்க 700 ரூபாய்.

லட் போட்ட பிறகு மினிமம் ஃபோர்ஸை 0 ஆக்கிவிட வேண்டும். அந்த வேலையை இப்போது கோப்பே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் மறுபடி மிக்ஸிதான்.

12. வேறு கேமுக்குப் போகும்போது

ஜி ஹப் எண்கள் எல்லாவற்றுக்கும் அவையே. மாறுவது கேமின் பக்கம் மட்டும். அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனேயிலும் ஸ்டீயர் லாக் என்று ஓர் எண் இருக்கும், 90 பாகை சோதனையை அங்கேயும் செய்து பாருங்கள். ஐரேசிங் என்ற கேம் முதல் தடவை வீலைக் கோடி வரை திருப்பச் சொல்லித் தானே அளந்துகொள்ளும். சில சுற்று ஓட்டிய பிறகு எஃப்9 அழுத்தினால் வரும் பெட்டியில் 'ஆட்டோ' கொடுத்தால், கிளிப்பிங் வராத விசையை அதுவே கணித்துத் தரும். ஆனால் அது சந்தா கட்டி ஓட்டும் கேம். வீல் கைக்குப் பழகும் முன் பணம் கட்ட வேண்டாம்.

13. எண்களைக் காப்பாற்றி வைத்தல்

ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். என்னிடம் 40 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது: தேதி, கார், கெயின், மினிமம் ஃபோர்ஸ், கடைசியில் 'நல்லாருக்கு' அல்லது 'சரியில்ல'. மூன்றாவது வாரம் எல்லாம் கலைந்துபோனபோது ஐந்தே நிமிடத்தில் திரும்பப் போட முடிந்தது அந்த நோட்டால்தான்.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் அசெட்டோ கோர்ஸா என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் சிஎஃப்ஜி ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். கணினியை ஃபார்மேட் செய்தாலும் கேமின் அமைப்புகள் பிழைத்துவிடும். ஜி ஹப் எண்கள் அதில் வராது. அந்தப் பக்கத்தை மட்டும் கைபேசியில் ஒரு படம் எடுத்து, பில் படம் இருக்கும் அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.